குகைச் செய்திக்கும் மதகு வேண்டும்

தஞ்சாவூரிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டு நாகப்பட்டினத்துக் கடற்கரை வரை சென்றாலும் வழியில் ஒரு குன்றைக் காண முடியாது. வயல், வாய்க்கால், தோப்பு, மறுபடியும் வயல். இப்படிப்பட்ட நெல் நாட்டுப் பிள்ளைகளான உங்களிடம் குகைகளைப் பற்றிப் பேச வருவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் நான் பேச வந்தது குகைகளைப் பற்றி மட்டுமன்று. குகைகளைப் பற்றிய செய்தியை யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதே என் கேள்வி. தண்ணீரை யார் யாருக்கு எப்போது விட வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக வழக்காடி வந்த காவிரிக் கரைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகவே விளங்கும்.

குகைகளை ஆராய்வதற்கென்றே கயிறும் விளக்குமாகப் புறப்படும் மனிதர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களைக் குகையாளர்கள் என்று அழைப்போம். ஒரு குகையாளர் புதிதாக ஒரு குகையின் வாயிலைப் பார்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தை ஊரறியச் சொல்லலாமா? தம் நண்பர்களுக்கு மட்டும் சொல்லலாமா? அல்லது வாயைத் திறக்காமல் இருந்துவிடலாமா? இந்த மூன்று வழிகளுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வாதங்களைக் கேட்டுவிட்டு, என் கருத்தையும் சொல்கிறேன்.

டெல்டாவில் குகை ஏன் இல்லை?

முதலில் ஒரு சிறு விளக்கம். குகை உண்டாவதற்குப் பாறை வேண்டும். நம் காலடியில் இருப்பது காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல். கிணறு தோண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். களிமண்ணும் மணலும் மாறி மாறி வருமே ஒழியப் பாறை எளிதில் தட்டுப்படாது. வண்டலில் பள்ளம் தோண்டினால் சரிந்து மூடிக்கொள்ளும், குகையாக நிற்காது.

உலகின் பெரிய குகைகள் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லில் உண்டானவை. மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மிக மெல்லிய அமிலமாகிறது. அது பாறையின் வெடிப்புகளில் இறங்கிச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகள் போனால் வெடிப்பு சுரங்கமாகிவிடும். அதே நீர் குகையின் கூரையிலிருந்து சொட்டும்போது, கரைத்து வந்த சுண்ணாம்பில் சிறிதளவை அங்கேயே விட்டுச் செல்லும். அது மேலிருந்து தொங்கினால் கல்விழுது. தரையிலிருந்து எழும்பினால் கல்முளை. பல குகைகளில் ஒரு நூற்றாண்டு முழுவதும் சொட்டினாலும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்தால் அதிகம்.

தஞ்சையிலிருந்து தென்மேற்கே சுமார் 60 கிலோமீட்டர் சென்றால் புதுக்கோட்டைச் சீமையின் பாறைக் குன்றுகள் எதிர்ப்படும். அங்கே இருப்பவை வேறு வகை. கெட்டியான பாறை வெயிலிலும் மழையிலும் தோல் உரிவதுபோல் உரிந்து, அடியில் நிழலான குழிவுகள் உண்டாகின்றன. சித்தன்னவாசலில் உள்ள ஏழடிப்பட்டம் அப்படிப்பட்ட இயற்கைக் குகை. பாறையில் வெட்டிய ஏழு குழிகளில் அடிவைத்து ஏறிப் போகவேண்டியிருந்ததால் இந்தப் பெயர். உள்ளே 17 கற்படுக்கைகள் உள்ளன. சமணத் துறவியர் படுத்துறங்கிய இடம். ஒரு படுக்கையின் மேல் ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையுள்ள தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கிறது.

மறைக்கச் சொல்வோரின் கட்சி

குகை இடத்தைச் சொல்லவே கூடாது என்பவர்கள் வெறும் பொறாமைக்காரர்கள் அல்லர். அவர்கள் பக்கம் வலுவான சான்றுகள் உண்டு.

சித்தன்னவாசல் மலையின் மேற்குப் புறத்தில் குடைவரைக் கோயில் ஒன்று இருக்கிறது. அதன் கூரையில் தாமரைத் தடாகம், மீன், யானை, அன்னம், பூப்பறிக்கும் மனிதர்கள் என்று 9-ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் தீட்டினார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தாங்கிய அந்த ஓவியத்தின் பல பகுதிகள் இன்று அழிந்துவிட்டன. காலமும் ஈரமும் செய்தது ஒரு பங்கு. மனிதர்களின் கையும் கரியும் செய்தது ஒரு பங்கு. எஞ்சியதைத் தொல்லியல் துறையினர் காவலில் வைத்திருக்கிறார்கள். தம் பெயரைச் சுவரில் கீறி வைக்கும் வழக்கம் நம் ஊர்களில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரான்சு நாட்டின் லாஸ்கோ குகையின் கதையைக் கேளுங்கள். 1940 செப்டம்பரில் நான்கு சிறுவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். உங்கள் வயதினரும் உங்களைவிடச் சற்று மூத்தவர்களுமான பையன்கள். உள்ளே காளைகளும் குதிரைகளும் மான்களுமாகப் பல்லாயிரம் ஆண்டுப் பழைய ஓவியங்கள். அவர்கள் தங்கள் பள்ளி ஆசிரியரிடம் செய்தியைச் சொன்னார்கள். அவர் அறிஞர்களுக்குச் சொன்னார். அதுவரை எல்லாம் முறையாகவே நடந்தது. 1948-ல் குகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள். அவர்கள் யாரும் ஓவியத்தைத் தொடவில்லை. மூச்சு விட்டார்கள், அவ்வளவுதான். அந்த மூச்சிலிருந்த கரியமில வாயுவும் ஈரமும் வெப்பமும் போதுமானவையாக இருந்தன. சுவரில் பச்சைப் பாசி படர்ந்தது. சுண்ணாம்புப் படலம் பூத்தது. 1963-ல் குகையை மூடிவிட்டார்கள்.

உயிர்களுக்கும் இதே நிலைதான். 2006-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துக் குகை ஒன்றில் மூக்கில் வெண்ணிறப் பூஞ்சை படிந்த வௌவால்கள் காணப்பட்டன. குளிர்காலம் முழுவதும் உறங்கிக் கிடக்க வேண்டிய அவை, இந்த நோயால் இடையிடையே விழித்து, உடலில் சேர்த்து வைத்த கொழுப்பைச் செலவழித்துப் பட்டினியால் மடிகின்றன. அதன்பின் வட அமெரிக்காவில் லட்சக்கணக்கான வௌவால்கள் இறந்தன. பூஞ்சை வௌவாலிலிருந்து வௌவாலுக்குப் பரவுவது பெரும்பகுதி. ஆனால் குகையாளர்களின் காலணியிலும் கயிற்றிலும் ஒட்டிக்கொண்டு ஒரு குகையிலிருந்து இன்னொன்றுக்குப் போக அதனால் முடியும். ஆகவே அங்கே பல குகைகளை மூட நேர்ந்தது.

இவற்றையெல்லாம் பார்த்தவர்கள், வாயை மூடிக்கொள்வதே குகைக்குச் செய்யும் தொண்டு என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

சொல்லச் சொல்வோரின் கட்சி

மறுபக்கத்தையும் பார்ப்போம். 2018 ஜூன் 23-ஆம் தேதி தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் 12 சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் சென்றார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. குகைக்குள் வெள்ளம் ஏறியது. திரும்பும் வழி நீரில் மூழ்கிவிட்டது. ஜூலை 2-ஆம் தேதி அவர்களை உயிருடன் கண்டார்கள். ஜூலை 10-ஆம் தேதிக்குள் பதின்மூன்று பேரையும் வெளியே கொண்டுவந்தார்கள். மீட்கச் சென்றவர்களில் ஒருவர் உள்ளேயே உயிர் நீத்தார்.

இருண்ட வெள்ளத்தில் எந்தப் பக்கம் போவது என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? 1980-களில் பிரெஞ்சுக் குகையாளர்கள் அந்தக் குகையை அளந்து வரைபடம் வெளியிட்டிருந்தார்கள். பிறகு அதே வட்டாரத்தில் வாழ்ந்த வெர்ன் அன்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேயக் குகையாளர் பலமுறை உள்ளே சென்று அதன் கிளை வழிகளைத் தெரிந்து வைத்திருந்தார். சிறுவர்கள் எந்தப் பகுதியில் இருக்கக்கூடும் என்று சொல்ல அவரால் முடிந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ நாடாவைப் பிடித்து அளந்து எழுதி வைத்த எண்கள், பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு உதவின. அந்த வரைபடத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அறிவியலுக்கும் இதே கணக்குத்தான். 1948-ல் நம் மேகமலைப் பகுதியில் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். அது பாடம் செய்யப்பட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில், சாதாரண இனம் ஒன்றின் பெயரோடு கிடந்தது. 1972-ல் கிட்டி தோங்லோங்யா என்ற தாய்லாந்து அறிஞர் அதை எடுத்துப் பார்த்து, அது உலகம் அறியாத புதிய பேரினம் என்று கண்டார். சலீம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். எங்கே கிடைத்தது என்று சீட்டில் எழுதியிருந்ததால்தான் 1993-ல் அதை மறுபடியும் உயிருடன் தேடிப் பிடிக்க முடிந்தது. ஆனால் அந்த வௌவால் குகைகளில் அடைவது. இறைச்சிக்காகவும் நாட்டு மருந்துக்காகவும் அதை வேட்டையாடுவோர் உண்டு. அடையும் குகையை அறிந்த வேடனுக்கு ஒரே இரவு போதும். பாருங்கள், ஒரே இடக்குறிப்பு விஞ்ஞானியின் கையில் ஒன்றாகவும் வேடனின் கையில் வேறொன்றாகவும் ஆகிறது!

இன்னொரு சான்று மதுரை மேலூரை அடுத்த அரிட்டாபட்டி. அங்குள்ள குன்றுகளில் சமணர் படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்துகளும் பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் அரிய கழுகு, வல்லூறு இனங்களும் உள்ளன. இவற்றையெல்லாம் பட்டியலிட்டு எழுதியதன் பயனாக 2022-ல் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-ல் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்க உரிமை ஏலம் விடப்பட்டபோது ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. போராடியவர்கள் மக்கள், ஆனால் அவர்கள் கையில் எழுத்தில் பதிந்த சான்றுகள் இருந்தன. பட்டியலில் இல்லாத ஒரு குன்றைக் கல் உடைக்கக் கேட்டால், அங்கே என்ன இருந்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

மேகாலயா காட்டும் வழி

நம் நாட்டில் குகைச் செய்தியைப் பகிர்ந்து பயன் கண்ட இடம் மேகாலயா. அங்கே காசி மொழியில் குகைக்குக் கிரெம் என்று பெயர். பிரையன் கார்ப்ரன் டேலி என்பவரும் மேகாலயா சாகசச் சங்கத்தைச் சேர்ந்த அவருடைய தோழர்களும், வெளிநாட்டுக் குகையாளர்களும் 1990-களின் தொடக்கத்திலிருந்து ஆண்டுதோறும் கூடி, குகை குகையாகச் சென்று அளந்து வருகிறார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட குகைகள் பதிவாகியுள்ளன. 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சுரங்கங்கள் வரைபடமாகிவிட்டன. 2018-ல் அளக்கப்பட்ட கிரெம் புரி என்ற மணற்கல் குகை மட்டுமே 24 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ளது.

இதில் உங்கள் கவனத்துக்குரிய செய்தி ஒன்று உண்டு. இந்தக் குகைகளின் வாயில்களை வெளியூர்க்காரர்கள் கண்டுபிடித்தார்கள் என்று சொல்வது சரியன்று. ஊர்க்காரர்களுக்கு அவை முன்பே தெரியும், பெயரும் உண்டு. குகையாளர்கள் ஊர்த் தலைவரிடம் அனுமதி கேட்டு, ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டுதான் போகிறார்கள். நம் பக்கத்திலும் அப்படியே. ஆராய்ச்சியாளர்கள் சமணர் படுக்கை என்று எழுதுவதை ஆடு மேய்ப்பவர் பஞ்சபாண்டவர் படுக்கை என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார். பெயர் வேறு, இடம் ஒன்றே. ஆகவே, குகைச் செய்தியின் முதல் சொந்தக்காரர் ஊர்க்காரர் என்பதை நாம் மறக்கக் கூடாது.

இவ்வாறு பகிர்ந்ததால் விளைந்தது என்ன? சிரபுஞ்சிக்கு அருகிலுள்ள மாம்லு குகையின் ஒரு கல்முளையை விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். மரத்தின் வளையத்தைப் போலக் கல்முளையின் அடுக்குகளும் அந்தந்தக் காலத்து மழையின் செய்தியைத் தாங்கி நிற்கின்றன. சுமார் 4200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வெகுவாகக் குன்றியதை அந்தக் கல் காட்டிற்று. பூமியின் வரலாற்றில் அன்று தொடங்கி இன்று வரை நீளும் காலத்துக்கு 2018-ல் மேகாலயன் காலம் என்றே பன்னாட்டு நிலவியலாளர்கள் பெயர் வைத்தார்கள். மேட்டூர் அணை எப்போது திறக்கும் என்று வானத்தைப் பார்த்திருக்கும் நம் விவசாயிக்கும் அந்தக் குகைக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்வீர்களா? பருவமழை எப்போதெல்லாம் பொய்த்தது என்பதை அறிய நமக்குக் கிடைத்துள்ள பழைய கணக்கேடுகளில் அந்தக் கல்லும் ஒன்று. யாராவது அழகுக்காக அதை உடைத்து வீட்டு அலமாரியில் வைத்திருந்தால் அந்தக் கணக்கு தொலைந்திருக்கும்.

அதே மேகாலயாவின் ஜெயின்டியா மலைக் குகைகளில், 40 சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள, பார்வையற்ற வெளிறிய மீன்கள் வாழ்கின்றன. பாதாளத்தில் வாழும் மீன்களில் இவ்வளவு பெரியவை வேறெங்கும் காணப்படவில்லை. குகையாளர்கள் பார்த்து விலங்கியலாளர்களுக்குச் சொன்னார்கள். 2023-ல் அது புதிய இனம் என்று பெயர் பெற்றது.

தஞ்சையிலும் ஓர் இருட்டறை

இனி நம் ஊருக்கு வருவோம். 1010-ல் நிறைவு பெற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றி, சுவருக்குள் சுவராக ஓர் இருண்ட நடைவழி உள்ளது. மனிதர் கட்டிய குகை என்றே அதைச் சொல்லலாம். 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி அங்கே நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் கால ஓவியம் மறைந்திருப்பதைக் கண்டார். சுந்தரர் கதையும் திரிபுரம் எரித்தவர் கோலமும் ஆயிரம் ஆண்டுக்குப் பின் வெளிப்பட்டன. பிற்பாடு தொல்லியல் துறையின் வல்லுநர்கள் மேலிருந்த நாயக்கர் ஓவியங்களில் சிலவற்றைப் பழுதில்லாமல் பெயர்த்தெடுத்து வேறு தளத்தில் பதித்தார்கள். அடியிலிருந்த சோழர் ஓவியமும் பிழைத்தது, மேலிருந்ததும் பிழைத்தது.

இன்று அந்த நடைவழிக்குள் எல்லாரும் போக முடியாது. ஆனால் அந்த ஓவியங்களை நாம் அறிவோமா, இல்லையா? நன்றாக அறிவோம். நூல்களில் படங்கள் உள்ளன, கட்டுரைகள் உள்ளன. கதவு மூடியிருக்கிறது, அறிவு மூடப்படவில்லை. லாஸ்கோவிலும் பின்னர் இதையே செய்தார்கள். மூடிய குகைக்குப் பதிலாக 1983-ல் பக்கத்திலேயே அச்சு அசலான மாதிரிக் குகை ஒன்றைக் கட்டித் திறந்தார்கள். அதே நாட்டில் 1994-ல் ஷோவே குகையைக் கண்ட மூன்று குகையாளர்கள், தரையில் கிடந்த பழைய தடங்களை மிதித்துவிடாமல் பார்த்து நடந்தார்கள். அந்தக் குகை பொதுமக்களுக்குத் திறக்கப்படவே இல்லை; ஆனால் அதன் ஓவியங்களை உலகமே படமாகப் பார்த்துவிட்டது.

இதிலிருந்து ஓர் உண்மை தெரிகிறது. இதுவரை வழக்காடிய இரு கட்சியாரும், குகைச் செய்தி என்பதை ஒரே பொருளாக எண்ணிவிட்டார்கள். அது ஒரே பொருளன்று.

மூன்று மதகுகள்

கல்லணையிலிருந்து வரும் நீர் தலைமடையிலேயே நின்றுவிட்டால் கடைமடை காயும். கரை உடைந்து ஒரேயடியாகப் பாய்ந்தால் பயிர் அழுகும். ஆகவேதான் மதகு வைத்தோம். குகைச் செய்திக்கும் மூன்று மதகுகள் வேண்டும் என்பது என் கருத்து.

முதல் மதகு முழுவதும் திறந்தே இருக்க வேண்டும். குகையில் என்ன இருக்கிறது, அது எப்படி உண்டாயிற்று, எந்த உயிர்கள் வாழ்கின்றன, எந்த எழுத்துகள் உள்ளன என்ற அறிவு எல்லாருக்கும் உரியது. அதை மறைப்பதில் குகைக்கு ஒரு நன்மையும் இல்லை.

இரண்டாம் மதகு தேவை அறிந்து திறக்க வேண்டியது. குகையின் உள் வரைபடம், எங்கே குழி இருக்கிறது, மழை பெய்தால் எங்கே நீர் ஏறும் என்பன போன்ற விவரங்கள் இதில் அடங்கும். ஊராட்சி, தீயணைப்புத் துறை, வனத்துறை, தொல்லியல் துறை, உள்ளே செல்லும் குகையாளர்கள் ஆகியோரிடம் இவை கட்டாயம் இருக்க வேண்டும். கொடைக்கானலின் குணா குகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1991-ல் வந்த ஒரு திரைப்படத்தால் அந்தப் பாறை இடுக்குகளின் பெயர் ஊரெங்கும் பரவியது. ஆபத்தைப் பற்றிய அறிவு அதே வேகத்தில் பரவவில்லை. 2006-ல் கேரளத்திலிருந்து சுற்றுலா வந்த இளைஞர் ஒருவர் ஆழமான இடுக்கில் விழுந்தார். நண்பர் ஒருவர் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி அவரை மீட்டார். அந்த நிகழ்ச்சி 2024-ல் படமாக வந்த பின் கூட்டம் இன்னும் பெருகிற்று. இடம் மட்டும் பரவி, எச்சரிக்கை பின்தங்கினால் இதுதான் நேரும்.

மூன்றாம் மதகு பெரும்பாலும் மூடியிருக்க வேண்டும். குட்டிபோட்ட வௌவால்கள் அடைந்திருக்கும் குகை, காவலில்லாத ஓவியம், கைபட்டால் ஒடியும் கல்விழுது ஆகியவற்றுக்குப் போகும் சரியான வழிதான் இதன் பின்னால் இருக்கிறது. இதை ஊர்க்காரரும் பொறுப்பான சிலரும் அறிந்தால் போதும். இந்தக் காலத்தில் இதில் ஒரு புதிய சங்கடம் சேர்ந்துள்ளது. கைபேசியில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தாமே பதிந்துவிடக்கூடும். நீங்கள் வாயைத் திறக்காவிட்டாலும் உங்கள் படம் வழி சொல்லிவிடும்! வெளியிடுமுன் அதை நீக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஓர் ஆட்சேபணை

இங்கே நீங்கள் எழுந்து ஒரு கேள்வி கேட்கலாம். "மூன்றாம் மதகின் சாவி யார் கையில்? பொறுப்பானவர் யார் என்று தீர்மானிப்பது யார்? நாலு பேர் சேர்ந்து குகையைத் தங்கள் சொத்தாக்கிக்கொள்ள மாட்டார்களா?"

நியாயமான கேள்வி. தலைமடைக்காரர் மதகைத் தம் வசதிக்கு மூடிவைத்த வழக்குகள் நம் பக்கத்தில் குறைவா? இதற்கு மூன்று காப்புகள் வேண்டும் என்பேன். முதலாவது, பதிவேடு தனி மனிதர் வீட்டில் இருக்கக் கூடாது. ஒரு பொது நிறுவனத்தில் ஒரு பிரதியாவது இருக்க வேண்டும். ஒருவர் மனத்திலேயே இருக்கும் செய்தி அவரோடு போய்விடும். இரண்டாவது, ஒருவருக்கு இடத்தைச் சொல்ல மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும். பழக்கமில்லை, பிடிக்கவில்லை என்பன காரணங்கள் ஆகா. மூன்றாவது, ஊராரின் சொல்லே முதல் சொல்லாக இருக்க வேண்டும். வௌவால்கள் குட்டி வளர்த்து முடிக்கும் வரை மூடிய வழியை, அதன்பின் திறக்கலாம். காவல் ஏற்பாடானபின் ஓவியத்தைக் காட்டலாம். மதகு என்பது திறக்கவும் மூடவும்தானே! ஒருமுறை மூடி ஆணியடித்துவிட்டால் அதற்குச் சுவர் என்று பெயர்.

இத்தனையும் செய்தாலும் தவறு நேராது என்று நான் உறுதி கூற மாட்டேன். ஆனால் ஐயம் வரும்போது இரு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். சொன்னால் யாருக்கு, எதற்குக் கேடு? சொல்லாவிட்டால் யாருக்கு, எதற்குக் கேடு? குழியின் ஆபத்தைச் சொல்லாவிட்டால் உயிர் போகும். ஆகவே சொல்ல வேண்டும். வௌவாலின் அடைவிடத்தைச் சொன்னால் அதன் உயிர் போகும். ஆகவே அடக்க வேண்டும். அழிந்த வௌவால் கூட்டம் விரைவில் மீளாது. பெரும்பாலான இனங்கள் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். கேடு திருத்த முடியாததாக இருந்தால், அந்தப் பக்கத்துக்கே அதிக எடை கொடுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது

"எங்கள் ஊரில் குகையே இல்லையே!" என்று சோர வேண்டாம். டெல்டாவின் கோபுரங்களும் இருண்ட மண்டபங்களும் வௌவால்களுக்குக் குகைகள்தாம். அவற்றில் பூச்சி தின்னும் சிறு வௌவால்கள் உங்கள் வயலுக்கு நண்பர்கள். தாய்லாந்தின் குகைகளில் கூட்டங்கூட்டமாக வாழும் ஒரு வௌவால் இனம், புகையானுக்கு உறவான வெண்முதுகுத் தத்துப்பூச்சியை ஏராளமாகத் தின்று நெல்லைக் காக்கிறது என்று 2014-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று கூறுகிறது. உங்கள் ஊர்க் கோபுரத்தில் மாலையில் எத்தனை மணிக்கு முதல் வௌவால் புறப்படுகிறது, எந்தத் திசையில் போகிறது, கார்த்திகையில் எத்தனை, சித்திரையில் எத்தனை என்று வெளியே நின்றே எண்ணிக் குறிப்பெழுதலாம். அருகில் போய்க் கலைக்க வேண்டாம். கையால் தொடவே வேண்டாம். குறிப்பை ஆசிரியரிடம் காட்டுங்கள். எந்தச் செய்தியை எந்த மதகில் விடுவது என்று வகுப்பிலேயே விவாதியுங்கள். வௌவால்களை விரட்ட நினைப்பவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்பதும் அந்த விவாதத்தில் வர வேண்டும்.

புதுக்கோட்டைக்கோ திருச்சி மலைக்கோட்டைக்கோ பள்ளிச் சுற்றுலா போகும்போது ஒரு நோட்டுப் புத்தகமும் காந்த ஊசியும் அளவு நாடாவும் எடுத்துச் செல்லுங்கள். குகை வாயில் எந்தத் திசையைப் பார்க்கிறது, அகலம் என்ன, உயரம் என்ன, தரை சரிவா சமமா, உள்ளே வெளியே வெப்பம் எவ்வளவு என்று எழுதுங்கள். தேதியும் நேரமும் கட்டாயம். கண்ணால் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் தனித்தனியாக எழுதுங்கள். ஊர்ப் பெரியவர் அந்த இடத்தை என்ன பெயரால் அழைக்கிறார் என்று கேட்டு, அதையே முதலில் எழுதுங்கள்.

காவலில்லாத குகைக்குள் தனியே நுழையாதீர்கள். பழக்கப்பட்ட குகையாளர்களே தனியே போவதில்லை. தலைக்கவசம் இன்றியும், ஒன்றுக்கு மூன்று விளக்குகள் இன்றியும், வெளியே ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லாமலும் அவர்கள் நுழைவதில்லை. மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம்.

லாஸ்கோவைக் கண்ட சிறுவர்களை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். கண்டதை அவர்கள் மறைக்கவும் இல்லை. தெருவில் கூவவும் இல்லை. தங்கள் ஆசிரியரிடம் போனார்கள். அவர்களில் ஒரு பையன் வாயிலருகே கூடாரமடித்துக் காவல் இருந்தான். பின்னால் ஆயிரக்கணக்கில் கூட்டத்தை உள்ளே விட்டது பெரியவர்களின் தீர்மானம். நாளை அப்படிப்பட்ட தீர்மானங்களை எடுக்கப் போகிறவர்கள் நீங்கள். உங்கள் ஊர்க் கோபுரத்து வௌவால்களில் தொடங்கி, எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்று இப்போதே பழகுங்கள்.